எண்பத்தைந்தாவது ஆள்

மக்களே மக்களுக்காக இயற்றிக்கொண்ட சட்டங்கள் உலகத்தில் இரண்டே இரண்டுதான். ஒன்று எது என்று எனக்குத் தெரியாது. இன்னொன்று எங்கள் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில் தயாராகிறது. அறை வாசலில் 'வேக நிர்ணயப் பிரிவு' என்று எழுதியிருக்கும். அங்கே பதினாறு ஆண்டுகளாக மூத்த எழுத்தராகப் பணியாற்றி வருகிறேன் என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த நகரத்தில் எந்தத் தெருவில் வண்டி எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று முடிவு செய்வது நாங்கள்தான். 'நாங்கள்' என்பது ஒரு பேச்சுக்கு. யாரோ ஓர் அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இந்தத் தெருவுக்கு முப்பது, அந்தத் தெருவுக்கு நாற்பது என்று மனம்போனபடி எழுதினால் அது சர்வாதிகாரம். எங்களுடையது ஜனநாயகம். தெருவில் போகும் வண்டிகளில் நூறு வண்டிகளின் வேகத்தை அளப்போம். மெதுவாகப் போனதில் ஆரம்பித்து, பறந்தது வரைக்கும் வரிசையாக எழுதுவோம். அதில் எண்பத்தைந்தாவது வண்டி என்ன வேகத்தில் போனதோ, அதுதான் அந்தத் தெருவின் சட்டம். பெரும்பாலானவர்கள் செய்வது தவறாக இருக்க முடியாது என்று எங்கள் கையேட்டின் முதல் பக்கம் சொல்கிறது. இரண்டாம் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. அதில் சில விதிவிலக்குகள் இருந்ததாகக் கேள்வி.

அந்த எண்பத்தைந்தாவது ஆள்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. அவர் தேர்தலில் நின்றதில்லை. ஓட்டுக் கேட்டு வந்ததில்லை. தான் சட்டம் இயற்றியது அவருக்கே தெரியாது. அன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார். இல்லாவிட்டால் வயிறு சரியில்லாமல் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருப்பார். அந்த ஒரு நிமிட அவசரம், அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இரும்புப் பலகையில் வட்டத்துக்குள் எண்ணாக நிற்கும்.

எங்கள் அலுவலக முன்முற்றம் மட்டும் இந்தக் கணக்கில் வராது. அங்கே பத்து கிலோமீட்டர் என்று பலகை இருக்கிறது. மூன்று வேகத்தடை, நடந்து கடக்க வெள்ளைக் கோடு, குவி கண்ணாடி, விசிலோடு ஒரு காவலாளி எல்லாம் உண்டு. முற்றம் என்பது தெரு ஆகாது. ஆகவே அதற்குக் கையேடு பொருந்தாது.

இப்படிப்பட்ட எங்கள் பிரிவுக்கு ஒரு சோதனை வந்தது. அதுவும் என் சொந்த அக்கா ரூபத்தில் வந்தது.

அக்காவுக்குத் தையல் கடை. கடை தெருவின் ஒரு பக்கம், வீடு நேர் எதிர்ப்பக்கம். நடுவில் ஒன்பது மீட்டர் தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை நடந்தது. அன்றிலிருந்து கையில் ஊன்றுகோல். ஒரு நாளைக்கு ஆறு தடவை தெருவைக் கடக்கிறாள். இப்போது மனு கொடுக்கக் கிளம்பிவிட்டாள். நாற்பது என்று இருக்கும் தெருவை முப்பது ஆக்க வேண்டுமாம். ஒரு வெள்ளைக் கோடும் போட வேண்டுமாம்.

"தம்பி, நீயே சொல்லு. வளைவுல வண்டி தலைகாட்டினதும் நான் எண்ண ஆரம்பிச்சா, எட்டு எண்ணறதுக்குள்ள என் பக்கத்துல நிக்குது. நான் அந்தப் பக்கம் போய்ச் சேர இருபத்திரண்டு எண்ணணும்."

"சரிக்கா."

"என்னடா சரி? எட்டு போக மீதி பதினாலு இருக்கு. அந்தப் பதினாலும் நான் யார் கையில இருக்கேன்?"

"மனுவா எழுதிக் குடுக்கா. வரிசைப்படி வரும்."

எழுதிக் கொடுத்தாள். ரத்த பாசம் குறுக்கே வந்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். எல்லா மனுவையும் போல அதற்கும் எண் கொடுத்தேன். எல்லா மனுவையும் போல அதிலும் 'தேவையற்ற விவரங்களை' சிவப்பு மையால் அடித்தேன். மனுவைச் சுருக்கிக் கொடுப்பது மூத்த எழுத்தரின் கடமை. மேலே இருப்பவர்களுக்குப் படிக்க நேரம் கிடையாது. பதினான்கு மாதத்தில் மனு மேலே போய்விட்டது. எங்கள் பிரிவில் இது மின்னல் வேகம்.

கணக்கெடுப்புக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அத்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். அவசரம் என்கிற சொல்லே அவர் அகராதியில் இல்லை. அவருடைய நீல ஸ்கூட்டர் இருபத்தைந்தைத் தாண்டினால் அதற்கே மூச்சுத் திணறும்.

"மச்சான், உங்க ஆபீஸ்லேருந்து நம்ம தெருவுக்கு வராங்களாமே. நாங்க என்ன பண்ணணும்?"

எனக்கு என்ன நடக்கும் என்று தெரியும். வண்டிகள் வேகமாகப் போனால் ஒரு கதை, மெதுவாகப் போனால் ஒரு கதை. ஆனால் கையேட்டின் அட்டையிலேயே 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அக்கா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். என் நேர்மை அசையவில்லை.

"எப்பவும் போல இருங்க, அத்தான்," என்றேன்.

எப்பவும் போல இருக்கச் சொன்னால் எந்தத் தெருவாவது இருக்குமா? வீட்டுக்கு முக்கியமான ஆள் வருகிறார் என்றால் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற ஜனம் இது. அத்தான் வீடு வீடாகப் போய், "பெரிய ஆபீஸர் வராரு. நம்ம தெரு நல்ல தெருன்னு தெரியணும். மெதுவா போங்கப்பா," என்று சொல்லிவிட்டு வந்தார்.

பொறியாளர் வந்தார். எந்நேரமும் இடுப்பில் அளவு நாடா தொங்குவதால் அவருக்கு 'டேப்' என்று பெயர். தெருவின் குறுக்கே இரண்டு ரப்பர் குழாயைப் போட்டு, மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அந்தத் தெருவில் வண்டிகள் போனதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. போட்டோவுக்கு நிற்கிற மாதிரி எல்லாரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு போனார்கள். ரொட்டிக்கடை வேன்காரர் டேப்புக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். அவசர வேலையாக வந்த வெளியூர் லாரிகூட முன்னால் ஊர்கிறவர்களைத் தாண்ட முடியாமல் ஊர்ந்தது. எண்பத்தைந்தாவது ஆளின் வேகம் இருபத்தாறு.

கூட்டம் கூடியது. இயக்குநர் தலைமை. நான் நடவடிக்கைக் குறிப்பு எழுதினேன்.

"தெரு எப்படி?" என்று கேட்டார் இயக்குநர்.

"தங்கமான தெரு, சார். நாற்பதுன்னு போர்டு இருக்கு, இருபத்தாறுல போறாங்க," என்றார் டேப்.

"அப்ப முப்பது எதுக்குக் கேக்கறாங்க?"

"அதான் சார் எனக்கும் புரியல."

"சொல்லாமலே ஒழுங்கா இருக்கறவங்ககிட்ட போய், ஒழுங்கா இருங்கன்னு போர்டு வெச்சா அவங்களை அவமானப்படுத்தற மாதிரி ஆகாதா?"

"ஆகும் சார்."

"வெள்ளைக் கோடு?"

"நாள் பூரா எண்ணினேன் சார். ரோட்டைக் கடந்தது ஒரே ஒரு அம்மா. ஆறு தடவையும் அவங்கதான்."

"ஒருத்தருக்காகக் கோடு போட்டா அது தனியார் கோடு ஆயிடும்," என்றார் இயக்குநர். அறையே தலையசைத்தது. 'குறை இல்லாத தெரு. மனு தள்ளுபடி' என்று எழுதினேன். அக்காவுக்கு அனுப்பிய கடிதத்தில் தெருவின் ஒழுக்கத்தைப் பாராட்டி ஒரு வரி சேர்த்தது என் சொந்த யோசனை.

அக்கா அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "பாராட்டினீங்களே, ரொம்ப சந்தோஷம். இதைக் காட்டினா வண்டி நிக்குமா?"

தெருக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிற வாத்தியார் வீட்டில் கூடிப் பேசினார்கள். நாம் மெதுவாகப் போனதால்தானே குறை இல்லை என்று எழுதிவிட்டார்கள், அப்படியானால் வேகமாகப் போய்க் குறையைக் கண்ணால் காட்டிவிடுவோம் என்று தீர்மானம். நியாயமான மூளைக்கு அப்படித்தானே தோன்றும். நியாயமான மூளைக்கு எங்கள் கையேட்டில் இடம் இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மறு கணக்கெடுப்பு கேட்டு அக்கா எழுதிய மனுவும் என் வழியாகத்தான் போனது. அதிலும் சிவப்பு மையால் இரண்டு வரி அடித்தேன். அதற்கும் ஒருவழியாக நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டு மேஜையில் அத்தான் திட்டத்தை விரித்தார். குரலில் ஒரு பள்ளிக்கூடப் பையனின் உற்சாகம்.

"மச்சான், வர்ற புதன்கிழமை பாருங்க, நம்ம தெருவை. உங்க டேப்பு வெலவெலத்துப் போயிடுவாரு. நானே ஓட்டறேன்."

"உங்க ஸ்கூட்டர் அவ்வளவு வேகம் போகாதே, அத்தான்."

"மெக்கானிக் கிட்ட விட்டு சரி பண்ணிட்டேன்ல!"

அக்கா கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தம்பி, இது சரியா வருமா? நீ உள்ள இருக்கறவன். உனக்குத் தெரியும். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு, விட்டுடறோம்."

வேண்டாம் என்பது ஒரு சொல். அதைச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் ஒரு நொடியில் ஒழுக்கம் தவறியவர்கள் எத்தனை பேர்! என் பதவி உயர்வுக் கோப்பு வேறு அந்த மாதம்தான் இயக்குநர் மேஜையில் இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"ஆபீஸ் விஷயத்தை வீட்டுல பேசக்கூடாதுக்கா," என்றேன். அந்த வார்த்தையின் கம்பீரம் எனக்கே பிடித்திருந்தது.

புதன்கிழமை அந்தத் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். ரொட்டிக்கடை வேன் போன வேகத்தில் பின்கதவு திறந்து ரொட்டித் தட்டுகள் தெருவெல்லாம் பறந்தன. பயிற்சிப் பள்ளி வாத்தியார், 'பழகுபவர்' என்று எழுதிய காரில், பக்கத்தில் ஒரு மாணவியை வைத்துக்கொண்டு அறுபதில் போனார். அந்தப் பெண் மறுநாளிலிருந்து வகுப்புக்கு வரவில்லை. அத்தான் ஹெல்மெட்டுக்குள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு போனதாகச் சாட்சிகள் சொல்கிறார்கள். ஒரு தடவை போய்த் திருப்தி வராமல், சுற்றிச் சுற்றிப் பதினோரு தடவை போனார். அன்றைக்கு முழுவதும் அக்கா கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட தெருவைக் கடக்க முடியவில்லை. ஆகவே, 'கடந்தவர்கள்: இல்லை' என்று டேப் குறித்துக்கொண்டார்.

நூறு வண்டிகளின் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. வரிசைப்படுத்தினேன். எண்பத்தைந்தாவது இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. நீல ஸ்கூட்டர். வேகம் ஐம்பத்தைந்து. பதிவெண்ணைப் பார்க்கவே வேண்டியதில்லை. பதினாறு ஆண்டுகளாக நான் மானசீகமாக வணங்கிவந்த அந்த மாமனிதர், ஞாயிற்றுக்கிழமைதோறும் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மரியாதைக்காக எழுந்து நின்றேன். பக்கத்து மேஜைக்காரர், "என்ன, கால் மரத்துப்போச்சா?" என்று கேட்டார்.

இரண்டாவது கூட்டம் நான்கு நிமிடத்தில் முடிந்தது.

"மக்கள் தீர்ப்பு என்ன?" என்றார் இயக்குநர்.

"ஐம்பத்தஞ்சு, சார்."

"போர்டுல?"

"நாற்பது."

"பாவம். இவ்வளவு நாள் மக்களோட விருப்பத்துக்குக் குறுக்க நின்னிருக்கோம்," என்றார் இயக்குநர். அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது. உடனே கையெழுத்துப் போட்டார்.

நாற்பது என்ற பலகையைப் பிடுங்கிவிட்டு, ஐம்பத்தைந்து என்ற புதுப் பலகையைச் சரியாக அக்கா கடை வாசலில் நட்டார்கள். அதை நட வந்தவர்கள் குழி தோண்ட அக்காவிடமே கடப்பாரை இரவல் கேட்டார்களாம். அத்தான் தொலைபேசியில் அழைத்தார்.

"மச்சான்... நான் ஓட்டினதையா போர்டுல எழுதிட்டாங்க?"

"ஆமா, அத்தான்."

"அவளுக்காகத்தான் ஓட்டினேன்."

தொலைபேசியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அந்தக் கோப்பில் 'முடிந்தது' என்று எழுதினேன்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் போகிறவர்கள் யாரும் கூச்சப்படவில்லை. சட்டமே அனுமதிக்கிறபோது எதற்குக் கூச்சம்? முன்பெல்லாம் அக்காவைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்தவர்கள், இப்போது பலகையைக் கையால் காட்டிவிட்டுப் போனார்கள். ஆறு தடவை கடந்தவள் இரண்டு தடவையாகக் குறைத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டைக் கடைக்கே எடுத்துப் போனாள். இருபதாம் நாள் சாயங்காலம், அவள் பதினேழு எண்ணியபோது ஒரு கார் வந்து ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு போயிற்று. ஊன்றுகோல் இரண்டாக முறிந்தது. அக்கா தார் மேல் விழுந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

மருத்துவமனைக்கு ஓடினேன். கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் கிடந்தாள். அத்தான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மறுநாள் காலை, இது விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டுமே என்று டேப்பிடம் கேட்டேன். அவர் நாடாவை உருட்டிக்கொண்டே விளக்கினார். "வண்டி மோதினது கோல்மேலதானே? அந்தம்மா மேல மோதலையே. அவங்க தானா விழுந்திருக்காங்க. கோலை 'சாலையோரப் பொருள் சேதம்'ல போட்டுடுங்க." போட்டேன். அதே பக்கத்தில் அதற்கு முந்தின வரியில் ஒரு குப்பைத் தொட்டி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அக்கா எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். மூன்றாவது மனுவைத் தன் கையாலேயே கொடுக்க வேண்டுமாம். இடது கை கழுத்திலிருந்து தொங்கியது. வலது கையில் புது ஊன்றுகோல். காவலாளி சொல்லி அனுப்பியதும் நான் கீழே இறங்கிப் போனேன்.

முற்றத்தின் அந்தக் கோடியில், வெள்ளைக் கோட்டின் ஆரம்பத்தில் நின்றுகொண்டிருந்தாள். சரியாக அப்போது இயக்குநரின் கார் உள்ளே நுழைந்தது. காவலாளி விசில் ஊதிக் கையை நீட்டினார். கார் நின்றது. பின்னால் வந்த ஜீப்பும் நின்றது. அக்கா கோட்டில் கால் வைத்து நடக்க ஆரம்பித்தாள். அவள் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வருகிறாள். எட்டு வந்தது. ஒன்றும் ஆகவில்லை. பதினேழு வந்தது. நின்று, இரண்டு பக்கமும் பார்த்தாள். கார் அப்படியே நின்றது. இருபத்திரண்டில் என் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள்.

வந்தவள் நிற்கவில்லை. திரும்பி மறுபடியும் அந்தப் பக்கம் போனாள். விசில், கை, கார் நிறுத்தம். அங்கிருந்து மறுபடியும் இந்தப் பக்கம் வந்தாள். புதுத் துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரி அந்தக் கோட்டை ஊன்றுகோலால் தடவித் தடவி வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்து எனக்கு மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கும்.

"தம்பி, இங்க எத்தனை பேர் அடிபட்டாங்க?"

"யாரும் இல்லக்கா."

"நூறு வண்டி எண்ணினீங்களா?"

"இங்க மொத்தமே பதினெட்டு வண்டிதான்."

"அப்புறம் எப்படிப் பத்துன்னு போட்டீங்க?"

"ஒரு நாள் இயக்குநர் கார்லேருந்து இறங்கறப்ப, ஒரு பைக் பக்கத்துல உரசற மாதிரி போயிடுச்சு. பயந்துட்டாரு."

"அடி பலமா?"

"அடியெல்லாம் படல. பயந்துட்டாரு. அவ்வளவுதான்."

"எத்தனை மாசத்துல போர்டு வெச்சீங்க?"

"காலைல பயந்தாரு. மத்தியானம் வெச்சுட்டோம்."

அக்கா ஊன்றுகோலை இன்னொரு பக்கம் சாய்த்துக்கொண்டாள். கோபமாகப் பேசினால் நான் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"ரெண்டு மனுவுலயும் நான் அதைத்தானடா முதல் வரியா எழுதியிருந்தேன். 'ரோட்டைக் கடக்க எனக்குப் பயமாக இருக்கிறது'ன்னு. நீ படிக்கவே இல்லையா?"

படிக்காமல் எப்படி இருப்பேன்? மூன்றாவது மனுவை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய், பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் எந்தத் தாளும் தொலையாது, அது ஒரு பெருமை. முற்றத்துப் பலகைக்கான இயக்குநரின் உத்தரவும் அதே அலமாரியில்தான் இருந்தது. எதையும் விடாமல் சொல்லிவிடுகிறேன். இயக்குநரின் பயத்தை 'பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு' என்று தட்டச்சு செய்தவன் நான்தான். அக்காவின் பயத்தைச் சிவப்பு மையால் இரண்டு தடவை அடித்து, ஓரத்தில் 'தேவையற்ற விவரம்' என்று எழுதியவனும் நான்தான். அந்த மாதமே எனக்குப் பதவி உயர்வு வந்தது.